38 வயதுக்கு முன்பு ரோஜர் மில்லா எங்கே இருந்தார்?

கேள்வி: கேமரூனின் மில்லா என்றாலே எல்லாரும் 1990 கால்பந்து உலகக் கோப்பையைத்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்பு மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில் 1: பிரான்சில்தான் பத்தாண்டுக்கு மேல் ஆடினார். மொனாக்கோ, பாஸ்தியா, மோன்பெலியே என்று பல கிளப்புகள். 1981 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் பாஸ்தியாவுக்காகக் கோல் போட்டார், கோப்பையும் அவர்களுக்கே. அப்புறம் ரீயூனியன் தீவில் ஆடிக்கொண்டிருந்தவரை கேமரூன் அதிபர் பால் பியாவே கூப்பிட்டு உலகக் கோப்பை அணியில் சேர வைத்தார்.

பதில் 2: 1990-ல் கொலம்பியாவோடு நடந்த ஆட்டத்தை அவசியம் பாருங்கள். கோல்கீப்பர் ஹிகிட்டா வெகுதூரம் முன்னால் வந்து பந்தோடு விளையாட, மில்லா தட்டிப் பறித்துக் காலி வலையில் போட்டுவிட்டு நேரே கார்னர் கொடிக்கு ஓடி இடுப்பை வளைத்து ஒரு ஆட்டம்! அந்தத் தொடரில் போட்ட நான்கு கோலும் மாற்று வீரராக இறங்கிப் போட்டவை.

கேள்வி கேட்டவர்: சரி, 1994?

பதில் 1: ரஷ்யாவிடம் 6-1 தோல்வி. அந்த ஒன்று, 42 வயதில் இவர் போட்டது.