மொரிஷியஸில் தனி வண்டி எடுத்து ஒரு நாள் சுற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சிறுவாணி:

நானே தொடங்கி வைக்கிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். பெரிய பஸ்ஸில் கூட்டத்தோடு போவது வேண்டாம் என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். முட்டி வலிக்காரருக்கு ஒவ்வொரு இடத்திலும் நாற்பது பேரோடு ஏறி இறங்குவது ஆகிற காரியமில்லை. அதனால் நாள் முழுக்க ஒரு தனி வண்டி. டிரைவரே வழிகாட்டி.

அங்கே வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. பெட்ரோல் அதிலேயே அடக்கம், நுழைவுச் சீட்டுகள் தனி. ஹோட்டலில் உள்ள சுற்றுலா மேசையில் சொன்ன தொகைக்கும், வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர் சொன்ன தொகைக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. வாசல்காரரையே பேசி முடித்தோம்.

தீவு மொத்தமே 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். வரைபடத்தைப் பார்த்தால் ஒரே நாளில் மொத்தத்தையும் சுற்றிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நடுவில் மேட்டுநிலம், மலைப்பாதை, ஊருக்குள் போக்குவரத்து எல்லாம் இருக்கிறது. டிரைவர்கள் வழக்கமாகத் தெற்கு, வடக்கு, கிழக்கு என்று பிரித்துத்தான் கூட்டிப்போகிறார்கள். நாங்கள் எடுத்தது தெற்கு. கியூர்பிப்பில் எரிமலை வாய், கங்கா தலாவ், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, ஷாமரேல், லெ மோர்ன் மலை, பிறகு மேற்குக் கடற்கரை வழியாகத் திரும்புவது.

எங்கள் டிரைவர் அறுபதைத் தாண்டியவர், தமிழ் வம்சாவளி. டாஷ்போர்டில் சின்ன முருகன் படம். "வணக்கம்" என்றார், "சாப்பிட்டீங்களா" என்றார், அதற்கு மேல் தமிழ் வரவில்லை. ஆனால் கோயிலில் பாடும் தேவாரம் மட்டும் வரி பிசகாமல் வருகிறது. அம்மா விடவில்லை. அவர் தமிழில் கேட்பார், டிரைவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், நடுவில் போன் வந்தால் அங்கத்து மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுவார். அரை மணி நேரத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

கியூர்பிப்பில் துரூ ஓ செர்ஃப் எரிமலை வாய். அணைந்த எரிமலை, உள்ளே மரங்கள் அடர்ந்து அடியில் கொஞ்சம் தண்ணீர். அன்று மூடுபனி, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். அதற்கு அடுத்ததாக வண்டி ஒரு கப்பல் பொம்மைக் கடைப் பக்கம் மெதுவானது. பழைய பாய்மரக் கப்பல்களை மரத்தில் அச்சு அசலாகச் செய்து விற்கும் தொழில் அந்தப் பகுதியில் பெரிய அளவில் நடக்கிறது. முந்தின இரவே வாட்ஸ்அப்பில் "கடை வேண்டாம்" என்று எழுதியிருந்தேன், அதை நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் உள்ளே போய் வந்தாலே எனக்கு ஏதாவது கிடைக்கும், வாங்க வேண்டிய அவசியமில்லை" என்றார். இப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது. அப்பாவுக்குக் கழிவறை வேண்டியிருந்தது, சரி என்று போனோம். உள்ளே வேலை நுணுக்கமாகத்தான் இருந்தது. எதுவும் வாங்கவில்லை, அவரும் முகம் சுளிக்கவில்லை.

கங்கா தலாவ் என்கிற கிராண்ட் பாசின் ஏரிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எரிமலை வாயில் தேங்கிய ஏரி, கரை முழுக்கக் கோயில்கள். நுழைவில் 108 அடி சிவன், 2007-ல் வைத்தது. எதிரே அதே உயரத்தில் துர்கை. 1972-ல் கங்கை நீரைக் கொண்டுவந்து இந்த ஏரியில் கலந்திருக்கிறார்கள். சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலையிலிருந்தும் காவடி போல அலங்கரித்த மூங்கில் அமைப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு மக்கள் நடந்தே வருவார்களாம். நாங்கள் போனபோது கூட்டமில்லை, குரங்குகள்தான். அம்மாவின் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒன்று மரியாதையே இல்லாமல் பிடுங்கிக்கொண்டு போனது.

அந்தப் படித்துறையில் உட்கார்ந்துதான் டிரைவர் தன் குடும்பக் கதையைச் சொன்னார். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண், கப்பல் பெயர், வயது, ஊர், பிற்காலத்தில் வந்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இப்படி வந்திருக்கிறார்கள். இவர் தன் முப்பாட்டனாரின் பதிவைக் கேட்டு வாங்கி, போனில் படமாக வைத்திருந்தார். மாவட்டம் திருச்சி என்பது தெளிவாகத் தெரிந்தது. கிராமம் இருந்த இடத்தில் குமாஸ்தாவின் கிறுக்கல். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, தனக்குத் தெரிந்த திருச்சிப் பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. "பரவாயில்லை, உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள்" என்றார் அவர். வரும் வழியில் எல்லாச் சுற்றுலாப் பயணிகளிடமும் இதைக் காட்டுவாரா என்று அப்பா என்னிடம் மெல்லக் கேட்டார். காட்டினால் என்ன?

ஷாமரேலில் அருவிதான் அசத்தல். 80 மீட்டருக்கு மேலிருந்து நேர்கோடாக விழுகிறது. ஏழு வண்ண மண் என்று எல்லோரும் போட்டோ போடும் இடம் நேரில் சின்னது. எரிமலைப் பாறை மக்கி மண்ணான பிறகு, அதில் தங்கிய இரும்பு, அலுமினிய ஆக்ஸைடுகளால் அந்த நிறங்கள். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம், மேகம் வந்துவிட்டால் எல்லாம் ஒரே பழுப்பு. பக்கத்தில் பெரிய ஆமைகளை வளர்க்கிறார்கள், அப்பாவுக்கு அவைதான் பிடித்தன.

பணம் எடுக்கும்போது மொரிஷியஸின் 100 ரூபாய் நோட்டைக் கவனியுங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர். எல்லா நோட்டிலும் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும். 1998-ல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டதாகத் தமிழர்கள் கொதித்து எழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் எங்கள் டிரைவர் குரலை உயர்த்தினார்.

நெய்தல்:

நல்ல பதிவு சிறுவாணி. நாங்கள் தெற்கை விட்டுவிட்டுக் கிழக்கு எடுத்தோம். மாஹேபூர், கிராண்ட் போர்ட், பிறகு படகில் இல் ஓ செர்ஃப் தீவு.

படகு பற்றி ஒரு புகார். வண்டி வாடகைக்குள் படகும் உண்டு என்றுதான் பேச்சு. கரையில் இறங்கியதும், அருவி பார்க்கப் போவதும் மதியச் சாப்பாடும் தனி என்றார்கள். டிரைவர் படகுக்காரர் பக்கம் பார்த்தார், படகுக்காரர் கடல் பக்கம் பார்த்தார். கொடுத்துவிட்டுத்தான் போனோம். எதெல்லாம் அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த நாளில் எனக்கு மனதில் நிற்பது மாஹேபூர் கடற்கரைதான். 1810 ஆகஸ்டில் அந்த விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரைக் கடற்போரில் தோற்கடித்தார்கள். பாரிஸில் உள்ள வெற்றி வளைவில்கூட கிராண்ட் போர்ட் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பருக்குள் தீவே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு கதை. டிரைவர் இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "என் காலத்துக் கதையைச் சொல்கிறேன்" என்று கையை நீட்டிக் காட்டினார்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல் அங்கே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியது, ஏறத்தாழ ஆயிரம் டன். கொரோனாவால் எல்லை மூடியிருந்த நேரம், சுற்றுலாப் பயணி ஒருவரும் இல்லை, டாக்ஸிகள் எல்லாம் வீட்டில் நின்றன. கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து நீளமாகத் தைத்து, காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு, எண்ணெய் பரவாமல் தடுத்தார்கள். இவரும் தன் மனைவியோடு அந்தத் துணி தைக்கும் வேலையில் இருந்தாராம். முடி வெட்டும் கடைகளிலிருந்து முடி மூட்டைகள்கூட வந்தன என்றார், முடி எண்ணெயை நன்றாக உறிஞ்சுமாம். "கார் சீட்டில் அந்த நாற்றம் போக மாதக்கணக்கானது, ஆனால் அப்போது ஏற ஆளே இல்லையே" என்று சிரித்தார்.

இதை எந்தப் பயணத் திட்டத்திலும் போடமாட்டார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி அவர் பேசிய அந்த நேரத்துக்காகவே இல் ஓ செர்ஃபில் ஒரு மணி நேரம் குறைந்தது, எங்கள் பையன் முணுமுணுத்தான். எனக்கு வருத்தமில்லை.

உப்புக்காற்று:

ஒரு கேள்வி. நாங்கள் சைவம், கூடவே ஐந்து வயதுப் பெண் குழந்தை, மலைப்பாதை என்றால் வாந்தி எடுப்பாள். வழியில் சாப்பாடு எப்படி?

சிறுவாணி:

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சுற்றுலாக்காரர்களுக்கான பெரிய உணவகத்துக்கு வண்டி போகும் முன்பே "நீங்கள் சாப்பிடும் இடத்துக்கே போங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தால் பூரி எங்கேயும் கிடைக்கும். கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய பூரி, இரண்டு சேர்த்துத்தான் தருவார்கள். உள்ளே வெண் மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற ருகாய், துவையல், ஊறுகாய். காரம் வேண்டாம் என்று சொன்னால் மிளகாயைத் தனியாக வைப்பார்கள். நம்ம ஊர்ப் பருப்பு வடையைச் சின்னதாக்கினால் கிடைப்பது காத்தோ பிமாவ், அவர்கள் அதைக் காலையில் பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கைப் பார்க்கும் முனையில் அன்னாசியைச் சுருள் சுருளாகச் சீவி, மிளகாய் உப்புப் போட்டுத் தருவார்கள். அதைக் குழந்தைக்கு உப்பு இல்லாமல் வாங்குங்கள்.

வாந்திக்கு: ஷாமரேலிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்கும் பாதைதான் கொஞ்சம் வளைவு. மற்றவை பரவாயில்லை. மதியச் சாப்பாட்டை அந்த இறக்கத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில்மழை:

எல்லோருக்கும் நல்ல டிரைவர் அமைந்திருக்கிறார். எனக்கு அமைந்தவர் காலையிலிருந்து போனில்தான் இருந்தார். எந்த இடத்திலும் இறக்கிவிட்டு "பதினைந்து நிமிடம்" என்பார். மதியம்தான் விஷயம் தெரிந்தது, மாலை நான்கு மணிக்கு அவருக்கு விமான நிலையத்தில் வேறு ஆளை ஏற்ற வேண்டும். நாங்கள் நாள் முழுக்கப் பணம் கொடுத்திருந்தோம். அதனால் பேசும்போதே "அன்று மாலை உங்களுக்கு வேறு சவாரி இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று வானிலை. கியூர்பிப் பக்கம் மழை கொட்டும்போது லெ மோர்னில் வெயில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. காலையில் மேட்டுநிலம் மூடியிருந்தால், வரிசையை மாற்றிக் கடற்கரையை முதலில் பார்க்கலாம். தனி வண்டி எடுப்பதே அதற்குத்தானே. எங்கள் ஆள் மாற்றவில்லை. பள்ளத்தாக்கு முனையில் நின்று வெள்ளைப் பனியைப் பார்த்துவிட்டு வந்தோம். 1974-ல் காட்டில் நான்கே நான்கு மிஞ்சியிருந்து, பிறகு வளர்ப்பு முயற்சியால் மீண்ட மொரிஷியஸ் வல்லூறு அங்கேதான் இருக்கிறது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். பறவையும் தெரியவில்லை, காடும் தெரியவில்லை.

சூயாக் பக்கத்தில் கிரி கிரி கடற்கரையைப் பல டிரைவர்கள் விட்டுவிடுகிறார்கள், கேட்டுப் போங்கள். தீவைச் சுற்றிலும் பவளத்திட்டு அலையைத் தடுத்து வைத்திருக்கிறது, அதனால்தான் மற்ற கடற்கரைகள் குளம் போல அமைதி. கிரி கிரியில் அந்தத் திட்டு விட்டுப்போகிறது. கடல் நேராகப் பாறையில் வந்து மோதுகிறது. குளிக்க முடியாது, நின்று பார்க்கலாம்.

நெய்தல்:

வெயில்மழை சொன்ன வரிசை மாற்றம் சரி. லெ மோர்ன் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடலுக்கடியில் அருவி விழுவது போல வரும் அந்தப் படத்தைக் காட்டி, "இங்கே கூட்டிப்போங்கள்" என்று டிரைவரிடம் கேட்காதீர்கள். அது மணலும் வண்டலும் சரிவதால் வரும் தோற்றம், ஹெலிகாப்டரில் போனால்தான் தெரியும். கரையிலிருந்து பார்த்தால் சாதாரண நீலத் தண்ணீர். மலையின் கதை வேறு. தப்பியோடிய அடிமைகள் அங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள், 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது அதற்காகத்தான். 1835-ல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்தார்கள் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. அடிவாரத்தில் நினைவிடம் இருக்கிறது, வண்டி அதுவரை போகும். மேலே ஏற ஆசை இருந்தால் சுற்றுலா நாளில் சேர்க்காதீர்கள். பாதிக்கு மேல் கை ஊன்றி ஏற வேண்டும், விடியும் முன்பே தொடங்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு காலையும் வேறு வழிகாட்டியும் வேண்டும்.