ஆர்மேச்சருக்குத் தமிழ்: உள்சட்டமா, உட்கூடா, கட்டுக்கூடா?

தருமபுரியிலிருந்து:
வணக்கம். பழைய காகிதம், அட்டைப்பெட்டி, வைக்கோல் கொண்டு பொம்மை செய்யும் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை. பொம்மைக்குள் நின்று தாங்கும் கம்பி அமைப்பை ‘ஆர்மேச்சர்’ என்றே எழுதினால், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். ‘எலும்புக்கூடு’ குதிரைக்குச் சரி, மரத்துக்கும் கோபுரத்துக்கும் இடறும். என் முன்மொழிவு ‘உள்சட்டம்’.

ஓசூரிலிருந்து:
சட்டம் வேண்டாம் ஐயா. கதவுச் சட்டம், படச் சட்டம் எல்லாம் தட்டையானவை, வளையாதவை. இது வளைத்து முறுக்கிக் கட்டுவது.

இரண்டடிக் குதிரையையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் பூசிய 12 கேஜ் ஜிஐ கம்பியை இரட்டையாக முறுக்கி முதுகும் கால்களும். அடிப்பலகையில் துளையிட்டு மடக்கி அடிக்க, ஒவ்வொரு காலிலும் 3 அங்குலம் கூடுதலாக விட வேண்டும். கட்டிட வேலையில் மிஞ்சும் கட்டுக்கம்பி சும்மா கிடைக்கிறதே என்று அதைப் போட்டால், ஈரப்பசை பட்டுத் துரு ஏறி, நாலு அடுக்குக் காகிதத்தையும் தாண்டிப் பழுப்புக் கறையாக வெளியே தெரியும்.

வெறும் கம்பியில் காகிதம் பிடிக்காது, வழுக்கும். அதனால் வைக்கோல் பிரியோ சணலோ நெருக்கமாகச் சுற்றி, வயிற்றுக்குக் கசக்கிய செய்தித்தாள் வைத்துக் கட்டுகிறோம். காகிதம் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. நடுவில் இந்த மெத்தை இல்லாவிட்டால் கழுத்திலும் முழங்காலிலும்தான் முதலில் வெடிக்கும். ஆக, பாதி வேலை கட்டுவதில் இருக்கிறது. ‘கட்டுக்கூடு’ என்றால் இது சொல்லிலேயே தெரியும்; ‘கூடு கட்டு’ என்று வினையாகவும் வரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
இதற்குப் பழைய சொல்லே உண்டு. கடுசர்க்கரைப் படிமங்களுக்கு, அதாவது சாந்து பூசிச் செய்யும் கோயில் திருவுருவங்களுக்கு, உள்ளே நிறுத்தும் மரச் சட்டகத்தைச் சிற்ப நூல்கள் ‘சூலம்’ என்கின்றன. அதன்மேல் கயிறு சுற்றி, பிறகுதான் சாந்து. ஓசூர்க்காரர் சொன்ன அதே வரிசை. ஆனால் இன்று சூலம் என்றால் அம்மன் கையில் இருப்பதுதான்; பிள்ளைகளுக்கான கையேட்டில் வைக்க முடியாது.

‘கூடு’ சரியே, ஒரு சிக்கல் தவிர. பலூன்மேல் காகிதம் ஒட்டிக் காய்ந்தபின் பலூனைக் குத்தி எடுக்கிறோம். அப்போது மிஞ்சும் காகித ஓடும் கூடுதான். பலூனை என்னவென்பது? உள்ளேயே தங்குவது வேறு, கழன்று போவது வேறு. பின்னதற்குக் ‘கரு’ என்று வைக்கலாம்.

இந்தப் பிரிவு செய்முறையிலும் வேண்டும். கருவின்மேல் விளக்கெண்ணெய் தடவினால்தான் கழலும். கட்டுக்கூட்டில் எண்ணெய் பட்டால் காகிதமே ஒட்டாது. பலூனை வெயிலில் வைக்கவும் கூடாது. சூட்டில் காற்று விரிந்து, இரவில் சுருங்கும்போது ஈர அடுக்கு மடிந்துவிடும். நிழலில் காயட்டும்.

தருமபுரியிலிருந்து:
ஏற்கிறேன். ‘உட்கூடு’ என்று போட்டால் ஓட்டின் உட்புறம் என்று படிப்பார்கள், அதுவும் வேண்டாம். பதிவு இப்படி:

கட்டுக்கூடு – உருவத்தைத் தாங்க உள்ளேயே விடப்படும், கம்பி, மூங்கில், பிரி முதலியவற்றால் கட்டிய அமைப்பு.
கரு – மேலடுக்கு காய்ந்தபின் நீக்கப்படும் வடிவம்.

பசைக்குப் புளியங்கொட்டை மாவையே எழுதுகிறேன், நம் பக்கம் கொட்டைக்குப் பஞ்சமில்லை. வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவு 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டே அடுப்பில் வைக்க வேண்டும். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். ராகிக் கூழ் பதத்தில் இறக்கலாம், களியாகிவிட்டால் காகிதத்தில் ஊறாது. மயில்துத்தம் நஞ்சு என்பதால், பூச்சி வராமலிருக்க அதைப் பசையில் சேர்க்கச் சொல்லவில்லை.

ஓசூரிலிருந்து:
சரிங்க ஐயா. காகிதத்தைக் கத்தரிக்காமல் கிழித்துப் போடச் சொல்லுங்கள், ஓர் அங்குல அகலம். கத்தரித்த விளிம்பு வண்ணம் பூசியபிறகும் கோடாகத் தெரியும். ஒரு தடவைக்கு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், மேலே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு அடுக்கே போதும்.