பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும் கூட்டங்கள்

ஒட்டாவாவிலிருந்து:

கனடிய மத்திய அரசுப் பணியில் இருக்கும் நம்மவர்கள், ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த அலுவலகங்களில் கண்டதை இங்கே எழுதினால் புதிதாகச் சேருபவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

எங்கள் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தாய்மொழி பிரெஞ்சு. பலர் ஆற்றுக்கு அப்பால், கியூபெக் மாகாணத்தின் கட்டினோ நகரில் வசிக்கிறார்கள். பஸ்ஸில் பிரெஞ்சில் பேசிச் சிரித்துக்கொண்டு வருபவர்கள், பிரெஞ்சு தெரியாத ஒருவர் கூட்ட அறைக்குள் வந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். யாரும் அப்படிக் கேட்பதில்லை, மரியாதைக்காகவே மாறுகிறார்கள். அந்த மரியாதையின் விலையை எப்போதும் ஒரே தரப்பு கொடுத்துக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உத்தியோக மொழிகள் சட்டம் 1969இல் வந்தது. 1988இல் வந்த புதிய சட்டம் தலைநகரப் பகுதி, நியூ பிரன்சுவிக், மொன்றியல் போன்ற இருமொழிப் பகுதிகளில் விரும்பிய மொழியில் வேலை செய்யும் உரிமையை ஊழியருக்கு உறுதிப்படுத்தியது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

எங்களுடன் ஒரு பெண் பொருளியலாளர் இருக்கிறார். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். பணிப்பாளர் விடுமுறையில் போனபோது பதில் கடமைக்கு வந்தவர், “அவரவர் மொழியிலேயே பேசுங்கள், விளங்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்” என்று கூட்டத்தைத் தொடங்கினார். அன்று அந்தப் பொருளியலாளர் பிரெஞ்சில் விரிவாகப் பேசினார். நாங்கள் மாதக்கணக்காக நம்பியிருந்த நிதி அட்டவணையின் அடிப்படை ஊகமே தவறு என்று படிப்படியாகக் காட்டினார். முன்பு ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். ஆங்கிலத்தில் முடிவை மட்டும் சொல்ல முடியும், ஆனால் யாராவது மறுத்தால் நின்று வாதாட முடியாது, அதனால் பேசாமல் இருந்துவிடுவேன் என்றார். இத்தனை திறமையுள்ளவரை இவ்வளவு காலம் வாய்மூடி இருக்க விட்டிருக்கிறோம்!

மொன்றியலில் வளர்ந்து ஒட்டாவாவில் வேலை செய்பவர்:

அண்ணா, நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி எங்களைப் போன்ற குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போனோம். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் பிரெஞ்சு. அலுவலகப் பதிவிலும் பிரெஞ்சுதான் என் முதல் உத்தியோக மொழி. இருந்தும் என் முகத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் ஆங்கிலத்தில் தொடங்குகிறார்கள். பிரெஞ்சில் பதில் சொன்னால், “உங்களுக்குப் பிரெஞ்சும் தெரியுமா!” என்று வியக்கிறார்கள். முப்பது வயதுக்காரிக்கு இது அலுத்துவிட்டது.

அதைவிடப் பெரிய விடயம் மேற்பார்வை. என் முந்தைய மேலாளர் நல்ல மனிதர். இரண்டாம் உத்தியோக மொழிக்கான வாய்மொழிப் பரீட்சையில், ஏ, பி, சி என்ற நிலைகளில் நடுவிலுள்ள பி நிலை பெற்றவர். காலநிலை, விடுமுறை, கோப்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பிரெஞ்சில் போகும். வேலைப்பளு, பதவி உயர்வு, சக ஊழியருடன் முரண்பாடு என்று வந்தால் உடனே ஆங்கிலம். எனக்குச் சொற்கள் மிகவும் தேவைப்படும் இடத்தில் என் மொழி பறிபோகும். 2025 ஜூன் 20 முதல் இருமொழிப் பகுதிகளில் புதிதாக நியமிக்கப்படும் மேற்பார்வையாளர்கள் வாசிப்பில் சி, எழுத்தில் பி, பேச்சில் சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பலர் முணுமுணுக்கிறார்கள். நான் மனதார வரவேற்கிறேன்.

ஒட்டாவாவிலிருந்து இன்னொருவர்:

தங்கச்சி சொல்வது சரி. ஆனால் ஆங்கிலப் பக்கத்திலும் ஒரு வலி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து நாற்பது வயதுக்குப் பிறகு இங்கே அரச வேலைக்கு வந்தவன் நான். பிரெஞ்சு எனக்கு மூன்றாவது மொழி. வேலை நேரத்தில் சம்பளத்துடன் மொழிப் பயிற்சி பெறும் வாய்ப்பு உண்டு. யாரை அனுப்புவது என்பது மேலாளரின் கையில். நிரந்தரப் பதவியில் உள்ள, “எதிர்காலம் உள்ள” இளையவர்களே முதலில் போனார்கள். நான் இரவில் சொந்தப் பணத்தில் படித்தேன். பேச்சுப் பரீட்சையில் சி நிலை கேட்டால், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து, அப்படியானால் என்ன செய்திருப்பீர்கள் என்று விளக்கச் சொல்வார்கள். களைத்து வந்த இரவுகளில் படித்த மொழியில் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

என் அப்பா இலங்கையில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு சிங்களப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அங்கே அப்பாவின் மொழிக்கு இடமே இருக்கவில்லை. இங்கே இரண்டு மொழிகளுக்கும் சட்டத்தில் சம இடம் உண்டு. ஆனாலும் ஒரு பரீட்சை முடிவு வரும்வரை ஒரு வீடு எப்படிக் காத்திருக்கும் என்பதை நான் சிறுவயதிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் பயிற்சி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று தொழிற்சங்கக் கூட்டங்களில் விடாமல் கேட்கிறேன்.

நியூ பிரன்சுவிக்கின் மொங்க்டனிலிருந்து:

இங்கே என் பக்கத்து மேசைக்காரர் அக்காடியர், அதாவது கனடாவின் கிழக்குக் கரையோரத்துப் பழைய பிரெஞ்சுச் சமூகத்தைச் சேர்ந்தவர். தலைமுறைகளாகப் பிரெஞ்சு பேசும் குடும்பம். கியூபெக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் அவருடைய உச்சரிப்பைப் பற்றி எல்லோர் முன்னும் ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் பக்கத்து மேசைக்காரர் அந்த மனிதருடன் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறார். பிரெஞ்சு பேசுபவர்களே ஒருவரையொருவர் இப்படி ஒதுக்கினால் எந்தச் சட்டம் காப்பாற்றும்? உத்தியோக மொழிகள் ஆணையாளர் அலுவலகம் 2021இல் அரச ஊழியர்களின் மொழிக் கூச்சம் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டது. தேடி வாசியுங்கள்.

முதலில் எழுதியவர்:

தங்கச்சி, மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன்பே “இது பிரெஞ்சில் நடக்க வேண்டும்” என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அது உங்கள் உரிமை. சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பொருளியலாளருக்கும் இதையேதான் சொன்னேன். நான் தலைமை தாங்கும் கூட்டங்களை இப்போது பிரெஞ்சில் தொடங்குகிறேன், ஆவணங்கள் இரண்டு மொழிகளிலும் முதல் நாளே போய்விடும். தலைமை தாங்குபவர் எந்த மொழியில் தொடங்குகிறாரோ, முதல் அரைமணி நேரமாவது அந்த மொழி தாக்குப்பிடிக்கிறது. மொங்க்டன் நண்பரே, அந்த அக்காடியர் சம்மதித்தால் அவரையும் இங்கே எழுதச் சொல்லுங்கள். தமிழாக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.