புதுப்பிப்பு: வெல்கே போபோவிட்சே பீர் ஆலைக்குப் போய் வந்தாச்சு

பிராக்கிலிருந்து இந்த ஆலைக்கு வழிகாட்டியோடு போவதா, தனியாகவா என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டியோடு போனோம், அதுதான் சரி. 1874-இல் தொழிலதிபர் ரிங்ஹோஃபர் தொடங்கிய ஆலை இன்னும் ஓடுகிறது. கோசெல் பீரின் ஊர் இதுதான். அந்த பீர் லேபிளில் உள்ள ஆட்டுக்கிடாவை நிஜமாகவே வளர்க்கிறார்கள், பெயர் ஓல்டா!

எனக்கு ரொம்பப் பிடித்தது மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காட்டிய இடம். வெளிர் மால்ட்டை மென்றால் லேசான இனிப்பு. கருக வறுத்ததோ காப்பிக்கொட்டை மாதிரி கசந்தது. கறுப்பு பீருக்கு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. அப்புறம் குடித்த கறுப்பு கோசெலில் அந்த வாசனை நன்றாகவே தெரிந்தது.

தனியாகப் போகிறவர்கள் கார் எடுக்காதீர்கள். செக் நாட்டில் துளி குடித்திருந்தாலும் வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்து ஊரான ஸ்ட்ரான்சிட்சே வரை ரயில், அங்கிருந்து பஸ்.