டெலீட் பண்ண ஃபைல் திரும்பி வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பெருங்குடி:
2023 மிக்ஜாம் புயல். ஆபீஸ்ல முழங்கால் தண்ணி. ஒவ்வொரு ஃபைலையும் மூணு சர்வர்ல (நோடு) காப்பி வெச்சிருக்கற ஸ்விஃப்ட் ஸ்டோரேஜ்ல, ஒரு நோடை ஆஃப் பண்ணிட்டோம். டிசம்பர் 5 அன்னைக்கு ஒரு லேப்ல இருந்து, நோயாளி ஒருத்தரோட ஸ்கேன் ரிப்போர்ட்டை அழிக்கச் சொன்னாங்க. வீட்ல இருந்தே டெலீட் அடிச்சேன். 204 (அழிச்சாச்சு) வந்துச்சு, திரும்ப எடுத்துப் பார்த்தா 404 (ஃபைல் இல்ல). முடிஞ்சுதுன்னு மெயில் போட்டுட்டேன். 14ஆம் தேதி நோடை ஆன் பண்ணோம். மறுநாள் காலையில லேப்ல இருந்து போன்: "சார், அந்த ரிப்போர்ட் இன்னும் ஓப்பன் ஆகுதே, அழிச்சுட்டேன்னு சொன்னீங்களே?"

உள்ள போய்ப் பார்த்தேன். மூணு நோடுலயும் டேட்டா ஃபைல் இருக்கு. பேர்ல நவம்பர் மாச டைம்ஸ்டாம்ப், ஆனா ரெண்டு நோடுல அது வந்து உக்காந்த நேரம் ராத்திரி 2:10. அழிச்சாச்சுன்னு அடையாளம் காட்டற டூம்ஸ்டோன் ஃபைல் எங்கயுமே இல்ல. போன் பண்ண அந்த லேப் அம்மா குரல் இன்னும் காதுலயே இருக்கு.

அம்பத்தூர்:
வெர்ஷனிங் (பழைய காப்பியை அழிக்காம வெச்சுக்கற வசதி) ஆன்ல இருந்திருக்கும் சார். அமேசானோட எஸ்3 ஸ்டோரேஜ்ல எனக்கு அதான் ஆச்சு. டெலீட் அடிச்சா மேல ஒரு டெலீட் மார்க்கர்தான் விழும், பழைய வெர்ஷன் உள்ளயே கிடக்கும். எங்க டீம்ல ஒருத்தர் குப்பைன்னு நினைச்சு மார்க்கரையே அழிச்சுட்டார், பழைய ஃபைல் திரும்பி வந்துடுச்சு.

வேளச்சேரி:
அம்பத்தூர் நண்பரே, தேதியைப் பாருங்க. நடுவுல 9 நாள். ஸ்விஃப்ட்ல ரிக்ளெய்ம் ஏஜை (டூம்ஸ்டோனை எவ்வளவு நாள் வெச்சிருக்கணும்ங்கற செட்டிங்) மாத்தாம விட்டா 604800 செகண்ட், அதாவது 7 நாள். அதைத் தாண்டின டூம்ஸ்டோனை சிஸ்டமே துடைச்சிடும். ஆஃப்ல இருந்த நோடுக்கு டெலீட் நடந்ததே தெரியாது. காப்பி குறைஞ்சா நிரப்பற ரெப்ளிகேட்டர், மத்த நோடுல காப்பி குறையுதுன்னு நினைச்சு பழைய ஃபைலை அங்கயும் தள்ளிடும். 2015 வெள்ளத்துல எங்களுக்கும் ஒரு டிஸ்க்ல இதே கதைதான்.

ஏழு நாளுக்கு மேல படுத்த டிஸ்க்கை அப்படியே சேர்க்காதீங்க. மத்த ரெண்டு காப்பியும் முழுசா இருக்கான்னு பார்த்துட்டு, ஃபார்மேட் பண்ணி வெறும் டிஸ்க்காப் போடுங்க, தானா நிரம்பிக்கும். நோடு வர நாளாகும்னு தெரிஞ்சா, ஏழு நாள் முடியறதுக்குள்ள மத்த எல்லா நோடுலயும் ரிக்ளெய்ம் ஏஜை ஏத்திடுங்க. மழைக்காலத்துல நாங்க முன்கூட்டியே 30 நாளுக்கு வெச்சிடறோம். டூம்ஸ்டோன் காலி ஃபைல்தான், இடம் பெருசா அடைக்காது.

பெருங்குடி:
வெர்ஷனிங் ஆஃப்லதான் இருந்துச்சு. திரும்ப டெலீட் அடிச்சேன். மூணு நோடுலயும் நானே நுழைஞ்சு, டேட்டா ஃபைல் போய் டூம்ஸ்டோன் விழுந்ததைப் பார்த்த அப்புறம்தான் லேப்புக்கு போன் பண்ணேன்.