புது டிவிடி ரைட்டர் பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் வரவில்லை

கேள்வி:
லேப்டாப்பில் பழைய காம்போ டிரைவை (டிவிடியைப் படிக்கும், சிடியில் மட்டும் எழுதும்) எடுத்துவிட்டு டிவிடி ரைட்டர் மாட்டியிருக்கிறேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை புரோகிராம்) பெயர் வருகிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி, கோட் 39 என்ற பிழை. பர்னிங் சாஃப்ட்வேர் (டிஸ்க்கில் எழுத உதவுவது) இரண்டு இருந்தன, ஒன்றை நீக்கினேன். டிரைவ் பழுதா?

பதில் 1:
பயாஸில் வருவதால் டிரைவ் மேல் சந்தேகம் வேண்டாம் நண்பரே. நீக்கிய சாஃப்ட்வேரின் ஃபில்டர் டிரைவர் (டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையில் நுழையும் துணை டிரைவர்) ஃபைல் போய்விட்டது, விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதை லோடு செய்ய முடியாமல்தான் கோட் 39. மிச்சமுள்ளதையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ரெஜெடிட்டில் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராம்) கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் வழியே 4டி36ஈ965 என்று தொடங்கும் கீக்கு (ஃபோல்டர் போன்ற பிரிவு) போங்கள். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து பேக்கப் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கத்தில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அருகிலேயே 4டி36ஈ967 என்று தொடங்கும் கீ இருக்கும். அது ஹார்டு டிஸ்க்குடையது. அதில் கை வைத்தால் விண்டோஸ் பூட்டே ஆகாது, எண்ணை இருமுறை பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
டிரைவ் வந்துவிட்டது, நன்றி! ஆனால் டிரே சரியாக மூடவில்லை.

பதில் 2:
பழைய டிரைவ், புது டிரைவ் இரண்டின் தடிமனையும் அளந்து பாருங்கள்: 12.7 மில்லிமீட்டரா, 9.5-ஆ? இரண்டும் ஒரே அளவென்றால் பழைய டிரைவின் முன்மூடியைக் கழற்றி இதில் மாட்டுங்கள். பின்பக்க பிராக்கெட்டையும் (டிரைவைப் பிடித்து நிறுத்தும் தகடு) மாற்ற மறக்க வேண்டாம். இனி ஒரே ஒரு பர்னிங் சாஃப்ட்வேர் போதும்.