சாலையோரப் பாறைவெட்டில் கிடைத்த புதைபடிவங்கள்: அடையாளம் சரிதானா?

கேள்வி:
சாலையை அகலப்படுத்துவதற்காகக் குன்றைச் செங்குத்தாக வெட்டிய இடம் ஒன்றில், சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையும் எளிதில் உதிரும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்குகளாகத் தெரிகின்றன. மழைக்குப் பிறகு அதன் அடியில் கிடந்த கற்களிலிருந்து மூன்று வகைகளை எடுத்து வந்துள்ளேன். முதலாவது, விசிறி வரிகளுடன் இரண்டு ஓடுகளும் மூடியபடியே இருக்கும் சிப்பி. இரண்டாவது, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, நடுவில் துளையுள்ள வட்டுகள்; இவற்றைப் பவளம் என்று குறித்துள்ளேன். மூன்றாவது, தட்டைக் கல்லின் மேல் பெரணி இலைபோலக் கிளைத்த கரிய வடிவம். என் குறிப்புகள் சரியா என்பதையும், பாறையில் இன்னும் பதிந்திருப்பவற்றை எடுக்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முதல் பதில்:
மூன்றையுமே மறுபடி பார்க்க வேண்டும், நண்பரே. அந்த ஓட்டின் கூர்நுனியிலிருந்து எதிர் விளிம்பின் நடுவரை ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோட்டின் இரு பக்கங்களும் ஒத்திருந்து, பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கும்போது மேலோடும் கீழோடும் வேறுபட்டால், அது சிப்பியன்று, சிப்பிபோல இரண்டு ஓடுகள் இருந்தும் வேறு இனமான பிராக்கியோபாட் என்ற கடல்விலங்கு. சிப்பியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, இரண்டு ஓடுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்; ஒவ்வோர் ஓடும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். (ஆளிச்சிப்பி போன்ற சில இனங்கள் இந்த விதிக்கு அடங்குவதில்லை.) ஓடுகள் மூடியிருப்பதும் கவனிக்கத்தக்கது. சிப்பி இறந்ததும் அதன் கீல்நார் ஓடுகளை விரித்துவிடும். பிராக்கியோபாட்டில் திறப்பதற்கும் தசையே வேண்டும் என்பதால், அது மூடியபடியே புதைவது அதிகம். பெரிய ஓட்டின் நுனியில் சிறு துளை உண்டா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். கடலடியைப் பற்றிக்கொள்ளும் காம்பு பல இனங்களில் அதன் வழியாகவே வெளிவந்தது.

வட்டுகள் கடல் அல்லியின் தண்டுத் துண்டுகளாக இருக்கலாம். பெயரில் அல்லி இருந்தாலும் அது நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. ஒவ்வொரு வட்டும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே படிகமாக இருப்பதால், உடைந்த முகம் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். பெரணி என்று நீங்கள் குறித்திருப்பது, விரிசல் வழியே கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசுப் படிவாக இருக்கக்கூடும். உண்மையான இலையில் நடுநரம்பு இருக்கும்.

இரண்டாம் பதில்:
பெயரைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாததுதான். கீழடுக்கு முந்தையது, மேலடுக்கு பிந்தையது என்பதை டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-இல் எழுதினார். ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் அடுக்குகளை அவற்றின் புதைபடிவங்களைக் கொண்டே பிரித்தறிந்து 1815-இல் நிலவியல் வரைபடம் வெளியிட்டார். உங்கள் இரு வகை உயிரினங்களும் இன்றும் கடலில் வாழ்வதால், அவற்றின் இருப்பு மட்டும் பாறையின் வயதைச் சொல்லாது. அதே அடுக்கில் டிரைலோபைட் (மூன்று மடல்களாகப் பிரிந்த உடலுடைய, அற்றுப்போன கடல் கணுக்காலி) கிடைத்தால் வயது 25 கோடி ஆண்டுகளுக்கு மேல். அம்மோனைட் (சுருள் ஓடுடைய, கணவாய்க்கு உறவான, அற்றுப்போன விலங்கு) கிடைத்தால் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. ஆகவே உதிர்ந்தவற்றையும் அடுக்கிலிருந்து எடுத்தவற்றையும் தனித்தனிப் பைகளில் இட்டு, எண், நாள், அடுக்கு ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள்.

பதிந்திருப்பவற்றை நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றிப் பெயர்க்க வேண்டாம். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தாலே போதும். தொங்கும் பாறையின் கீழ் எக்காரணம் கொண்டும் சுத்தியலைப் பயன்படுத்தாதீர்கள். எலும்பு தென்பட்டால் தொடாமல் அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஓட்டின் நுனியில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை இருக்கிறது. ஒரு வட்டின் உடைந்த ஓரம் விளக்கொளியில் பளிச்சிட்டது. மற்றொன்றின் துளை ஐந்து முனை நட்சத்திரமாக உள்ளது. கரிய வடிவத்தில் நடுநரம்பு இல்லை. எல்லாக் கிளைகளும் கல்லின் விரிசல் ஓரத்திலிருந்தே தொடங்குகின்றன. பழைய பெயர்களை அடித்துத் திருத்தி, பையின் மேல் ‘உதிர்ந்தவை, அடுக்கு தெரியாது’ என்று எழுதிவிட்டேன். அடுத்த முறை குறிப்பேட்டுடன் சென்று, இதே வட்டுகள் எந்த அடுக்கில் பதிந்திருக்கின்றன என்று பாறையைத் தொடாமல் தேடிப் பார்க்கிறேன்.